இடது மேல் மூலை

முதல்ல ஓடுதான்னு பாத்துக்கிடுங்க தம்பி. கோயம்புத்தூர்ல இருந்து இம்புட்டு தூரம் வந்திருக்கீங்க. நாளைக்கு வீட்டுல போட்டுப் பாத்துட்டு, தூத்துக்குடிக்காரன் ஏமாத்திட்டான்னு சொல்லக்கூடாது. இந்தா, சுவிட்சப் போட்டாச்சு. கொஞ்சம் பொறுங்க, பழைய மிசினு, யோசிச்சுத்தான் எந்திரிக்கும். மூடிய லேசா அமுக்கிக்கிடுங்க. ஆங், அப்படித்தான்.

வந்துட்டா? கடலும் தீவும் தெரியுதா? மேல இருக்கது ஜப்பான் எழுத்து. இந்த கேமை ஜப்பானுக்கு வெளிய எங்கயும் விக்கலையாம். நம்மூர் மிசினுல போட்டா, இது வேற தேசத்துச் சரக்குன்னு சொல்லி அப்படியே நின்னுரும். அதுக்குத்தான் சென்னையில குடுத்து உள்ள சிப்பு வச்சது. உங்களுக்கு நான் சொல்லணுமா, இதத் தேடித்தானே வந்திருக்கீங்க. சிப்பு வச்ச பொறவும் வீட்டு டிவியில படம் கறுப்பு வெள்ளையாத்தான் விழுந்துச்சு. பொறவு துபாய்ல இருந்து வந்த ஒருத்தர்ட்ட இந்தப் பொட்டி டிவிய வாங்குனோம். எல்லா நாட்டு சிக்னலையும் எடுக்கும். வேணும்னா டிவியையும் கொண்டு போங்க. சும்மாவே தாரேன். இங்க கெடந்து என்ன செய்ய.

நீங்க காலையிலயே வந்துருவீங்கன்னு நெனச்சேன். பஸ் லேட்டானா நீங்க என்ன செய்வீங்க, பாவம். டீயக் குடிங்க. வீட்டுக்காரி பெல்சி அன்பியக் கூட்டத்துக்கு, தெருச் செபக் கூட்டத்துக்குப் போயிருக்கா. நான் போட்ட டீதான், சீனி பத்தலைன்னா சொல்லுங்க.

ஏன் விக்கேன்னு போன்ல கேட்டீங்கல்லா. வீட்டுல இடம் இல்லன்னு சொன்னேன். இடமெல்லாம் இருக்கு. நீங்களே பாக்கீங்கள்லா, ரெண்டு பேருக்கு இந்த வீடு பெருசு. நீங்க வேத்தூர்க்காரர், இன்னைக்குப் போனா இனி வரப்போறதில்ல. அதனால சொல்லுதேன்.

வில்பின்னு ஒருத்தன். வில்பிரட். ரெண்டு வீடு தள்ளி இருக்கான். கப்பல்ல பிட்டரு, மிசினு பழுது பாக்கிறவன். இந்த டிஸ்க்கு பூரா அவன் கொண்டு வந்ததுதான். கப்பல் ஜப்பான்ல நிக்கும்போது எறங்கிப் போயி, பழைய சாமான் கடையாத் தேடி வாங்கிட்டு வருவான். அவனுக்கும் ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. அட்டையில படத்தப் பாத்துத்தான் வாங்குவான். ஒருக்கா அப்படித்தான் நல்ல சண்டை கேம்னு ஒண்ண வாங்கிட்டு வந்தான். போட்டுப் பாத்தா சமையல் கேமு. அதையும் ஒரு மாசம் விளையாடினோம், மீன் வெட்டிக்கிட்டு.

எனக்கும் கப்பலுக்குப் போகணும்னுதான் ஆசை. நானும் அவனும் ஒண்ணாத்தான் படிச்சோம், ஒண்ணாத்தான் மெடிக்கலுக்குப் போனோம். புள்ளி புள்ளியா போட்ட ஒரு புஸ்தகத்த விரிச்சு, உள்ள என்ன நம்பர் தெரியுதுன்னு கேட்டாங்க. எனக்குப் புள்ளிதான் தெரிஞ்சுது. பச்சையும் செவப்பும் பிரியாத கண்ணுன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அவன் கப்பல் ஏறினான். நான் ஹார்பர்ல சரக்கு எடுத்துக் குடுக்கிற ஆபீசுல உக்காந்தேன். அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, பாத்துக்கிடுங்க. அவன் மேல பொறாமையும் இல்ல. சும்மா சொல்லுதேன்.

அவன் ஊருக்கு வந்தா ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டுட்டு நாலு மணிக்கு இங்க வந்துருவான். இந்தக் கப்பல் கேம்தான் எங்களுக்கு. அவனுக்கு ஒரு படகு, எனக்கு ஒரு படகு. தீவுகளுக்குள்ள ஒளிஞ்சு ஒளிஞ்சு வந்து ஒருத்தன ஒருத்தன் சுடணும். ஒரு ஆட்டம் முடிஞ்சதும் தாடி வச்ச கெழவன் ஒருத்தன் வந்து ஜப்பான்ல ரெண்டு வரி பேசுவான். அவன் என்ன சொல்லுதான்னு யாருக்குத் தெரியும்? வில்பிதான் கெழவனுக்குக் குரல் குடுப்பான். "ரெமிஜியுஸ், உனக்கு இந்தப் பொழைப்பு எதுக்கு, கரையில போயி ஐஸ் ஒடை." இப்படி ஒவ்வொரு தடவையும் ஒண்ணு சொல்லுவான். ஏன்னா தோக்கது எப்பவும் நான்தான். எத்தனையோ வருசமா நான்தான். எப்பவாச்சும் ஜெயிச்சா அது அவன் கொட்டாவி விட்ட நேரமா இருக்கும்.

போன மழைக்காலத்துல வந்தான். கல்லறைத் திருநாளுக்கு முந்தி. அந்தத் தடவைதான் நான் ஜெயிக்க ஆரம்பிச்சேன்.

முதல்ல, அவன் இல்லாத நாள்ல தனியா விளையாடிப் பழகுனதால வந்த கைன்னு நெனச்சேன். சந்தோசமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லல. பொறவு ஒரு நாள் கவனிச்சேன். என் படகு கீழ இருந்து போனா அவன் உடனே திரும்பி சுடுதான். வலது பக்கம் போனாலும் சுடுதான். இடது மேல் மூலையில இருந்து எறங்குனா மட்டும் அவன் படகு அப்படியே நிக்கி. ஒளிவு மறைவு இல்லாம நடுக்கடல்ல போறேன், நிக்கி. பக்கத்துல போயி சுடுற வரைக்கும் நிக்கி. என்னமோ விளையாட்டு காட்டுதான்னு நெனச்சு மறுபடியும் போனேன். மறுபடியும் அதே மாதிரி. சுட்டதும் திடுக்குன்னு, "எங்கருந்துலே வந்தே"ன்னு கேக்கான்.

சொல்லியிருக்கலாம். அன்னைக்கே சொல்லியிருக்கலாம். எலே, உனக்கு அந்தப் பக்கம் தெரியலையான்னு கேக்க எவ்வளவு நேரம் ஆகும்? நான் ஒண்ணு மட்டும் யோசிச்சேன் தம்பி. அவன் திரும்பக் கப்பல் ஏறணும்னா மெடிக்கல் இருக்கு. கண்ணப் பத்தி நாம வாயத் திறந்து, அது நாலு பேர் காதுல விழுந்து, அவன் பொழைப்பு போயிட்டா? கண்ணால பொழைப்பு போன வேதனை எனக்குத் தெரியும்லா. அதனாலதான் பேசாம இருந்தேன்.

பேசாம இருந்தவன் பேசாமயாவது இருந்திருக்கலாம். நான் அந்த மூலையிலயே போயிக்கிட்டு இருந்தேன். ஒவ்வொரு ஞாயிறும். கிறிஸ்துமஸ் வரைக்கும், அதுக்குப் பொறவும். ஜெயிக்க ஜெயிக்க நல்லாத்தான் இருந்துச்சு. கெழவனுக்கு நான் குரல் குடுக்க ஆரம்பிச்சேன். "வில்பிரட், உனக்கு வயசாயிட்டு, வீட்டுல போயி கஞ்சி குடி." அவன் சிரிக்க மாட்டான். ரிமோட்ட மாத்திக் கேப்பான். டிவியில வெளிச்சத்தக் கூட்டச் சொல்லுவான். சிப்புல ஏதோ கோளாறுலேன்னு சொல்லுவான். ஒரு நாள், நான் இடம் மாறி உக்காருதேன்னு இந்தப் பக்கம் வந்து உக்காந்தான். அப்பவும் தோத்தான். கண்ணத் தொடச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போனான். அவன் போன பொறவு நான் டிவிய அணைக்காம அந்தக் கெழவனப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன்.

பொங்கல் கழிஞ்சு மூணு நாலு வாரத்துல ஒரு நாள், கோயில் வாசல்ல அவன் மக கையப் பிடிச்சுட்டு எதிர்ல வந்தான். இடது பக்கம் நிறுத்தியிருந்த பைக்குல நேராப் போயி இடிச்சுக்கிட்டான். ஹேண்டில்பாரு விலாவுல குத்தி, வலியில குனிஞ்சுட்டான். பிள்ளை, "அப்பா, இப்பிடித்தான் நேத்தும் கதவுல"ன்னு சொல்ல வந்துச்சு. அவன் அது வாயப் பொத்துன மாதிரி ஒரு பார்வை பாத்தான். எனக்கு மனசு அறுத்துட்டு.

அந்த வாரந்தான் விபூதிப் புதன். சாம்பல் பூசிக்கிட்டு நிக்கும்போது ஒரு முடிவு எடுத்தேன். தவக்காலம் பூரா அந்த மூலைக்குப் போறதில்ல. மத்தவங்க கறிய விடுவாங்க, சிகரெட்ட விடுவாங்க. நான் அந்த மூலைய விட்டேன். விட்டது மட்டுமில்ல, அவனுக்கு நல்லாத் தெரியுற பக்கமாவே போயி நின்னேன். சும்மா நின்னா சந்தேகப்படுவான்னு ரெண்டு குண்டு தப்பாச் சுடுவேன். அவன் ஜெயிக்க ஆரம்பிச்சான்.

அந்த முகத்த நீங்க பாக்கணும் தம்பி. ரெண்டாவது ஞாயிறு கெழவனுக்குக் குரல் வந்துட்டு. "ரெமிஜியுஸ், உன் வேசம் கலைஞ்சுட்டு." மூணாவது ஞாயிறு போகும்போது வாசல்ல நின்னு, "சரியாயிட்டு வருதுலே"ன்னு சொன்னான். என்னதுன்னு நான் கேக்கல. ஆட்டத்துல கை திரும்புனதச் சொல்லுதான்னு எடுத்துக்கிட்டேன். நம்மால ஒருத்தன் சிரிச்சுக்கிட்டுப் போறானேன்னு எனக்கு நிம்மதியா இருந்துச்சு. அந்தத் தவக்காலம் மாதிரி நான் ஒரு காலத்துலயும் நிம்மதியா பூசை கண்டதில்ல. நற்கருணைக்கு நிமிந்து போனேன்.

ஈஸ்டர் முடிஞ்ச வாரம். அவன் ஸ்கூட்டர்ல நான் பின்னால உக்காந்திருக்கேன், பீச் ரோட்டுல போறோம். இடப்பக்கச் சந்துல இருந்து ஒரு தட்டு வண்டி வருது. ஐஸ் பொட்டி ஏத்தின வண்டி, நல்லாப் பெருசு. அவன் வேகத்தக் குறைக்கவே இல்ல. நான் கத்துனேன். ஒடிச்சான், விழுந்தோம். எனக்கு முட்டியில தோல் போச்சு, அவனுக்கு ஒண்ணுமில்ல. ரோட்டுல உக்காந்துக்கிட்டு என்னைப் பாத்து, "எங்கருந்துலே வந்துச்சு"ன்னு கேட்டான்.

அதே கேள்வி. அங்கயே சொன்னேன், உனக்கு இடப்பக்கம் தெரியல, நாளைக்கு மதுரை கண்ணாஸ்பத்திரிக்குப் போறோம்னு. அவன் மாட்டேன்னான். நான் அவன் வீட்டுக்காரி ஜெனிட்டாட்ட போயி சொல்லிட்டேன். மறுநாள் மூணு பேரும் விடியவே பஸ் ஏறினோம்.

கண்ணுக்குள்ள தண்ணி அழுத்தமாம். கிளாக்கோமான்னாங்க. வலிக்காது, செவக்காது, ஓரத்துல இருந்து பார்வையத் தின்னுக்கிட்டே வருமாம். இடது கண்ணு ஏற்கெனவே போனதுதான். வலது கண்ணுலயும் மூக்கு ஓரத்துப் பக்கம் அரிச்சுட்டு, அதனாலதான் இடப்பக்கம் இருட்டு. போன பார்வை போனதுதான், இருக்கத காப்பாத்தலாம்னு டாக்டர் சொன்னாங்க. பொம்பள டாக்டர், என் வீட்டுக்காரி பெல்சி வயசுதான் இருக்கும். "இத யார் முதல்ல கவனிச்சது?"ன்னு கேட்டாங்க.

ஜெனிட்டா என் பக்கம் கைய நீட்டி, "இந்த அண்ணன்தான்"ன்னா.

"நல்ல வேளை. வலது கண்ணுல இது சமீபத்துல வந்த சேதம். நாலஞ்சு மாசத்துக்கு முன்னாடி வந்திருந்தா இந்தச் சேதமே இருந்திருக்காது. இன்னும் தள்ளியிருந்தா எதுவுமே மிஞ்சியிருக்காது."

நான் தலைய ஆட்டுனேன். வேற என்ன செய்ய?

ஆபரேசன் நடந்துச்சு. கப்பல் வேலை போயிட்டு. ஊருக்குள்ள ரெமிதான் கண்டுபிடிச்சான்னு ஆயிட்டு. ஜெனிட்டா வாரத்துக்கு ரெண்டு நாள் மீன் குழம்பு குடுத்து விடுதா. போன மாசம் என் குடும்பத்தோட சுகத்துக்குன்னு பூசைக்குக் குடுத்து, சாமியார் பீடத்துல நின்னு என் பேர வாசிச்சாரு. நான் பின் பெஞ்சுல உக்காந்திருந்தேன். பக்கத்துல இருந்தவரு என் தோளத் தட்டுதாரு. பெல்சிக்கு ஒரே பெருமை. எனக்கு எந்திரிச்சு ஓடணும் போல இருந்துச்சு. அவ்வளவு பேர் நடுவுல எப்படி எந்திரிக்க?

அன்னைக்கு மத்தியானமே வில்பி வீட்டுக்குப் போனேன். சொல்லிருவோம்னு போனேன். சொல்லியும் போட்டேன், அதுல நான் கோழை இல்ல. மழைக்காலத்துலயே கண்டுக்கிட்டேன், தெரிஞ்சுதான் அந்த மூலையில வந்து வந்து ஜெயிச்சேன்னு சொன்னேன். அவன் கட்டில்ல சாஞ்சு உக்காந்து கேட்டுட்டு, சிரிச்சான்.

"அது தெரியும்லே. நீ என்னைக்கு அவ்வளவு நல்லா விளையாடினே?"

எனக்கு அழுகை வந்துட்டு. முடிஞ்சுது, பாரம் எறங்கிட்டுன்னு நெனச்சேன். அவன் சிரிப்ப நிறுத்திட்டு, கதவப் பாத்துட்டு, மெதுவாக் கேட்டான்.

"நான் கேக்கது வேற. தவக்காலத்துல நான் ஜெயிச்சேன்லா. அது நானா ஜெயிச்சதுதானே?"

ஏன்லே கேக்கேன்னு கேட்டேன். அப்பதான் சொல்லுதான். தை மாசமே அவனுக்குச் சந்தேகமாம். கண்ணாடிக் கடையில கண்ணக் காட்டியிருக்கான், அந்த ஆளு உடனே மதுரைக்குப் போன்னு சொல்லிட்டாரு. யாருக்கும் சொல்லாம போன் போட்டு நாளும் வாங்கியிருக்கான். அந்த நாள் வர்ற வரைக்கும் சும்மா இருக்க வேண்டாம்னு மருந்துக்கடையில ஒரு சொட்டு மருந்து வாங்கி விட்டிருக்கான். அந்த நேரம் பாத்து என்கிட்ட ஜெயிக்க ஆரம்பிச்சுட்டான். மருந்து கேக்குது, கண்ணு திரும்பிட்டுன்னு நெனச்சு மதுரைக்குப் போகல. அவனுக்குக் கண்ணு டெஸ்ட்டே என்னோட விளையாடுததுதான். "உன்னை ஜெயிச்சேன்னா எனக்குக் கண்ணு இருக்குன்னு அர்த்தம்லே"ன்னான்.

பாத்துக்கிடுங்க தம்பி. பாவம் பண்ணுன வரைக்கும் அவன் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் இருந்திருக்கான். நான் புண்ணியம் பண்ணப் போயித்தான் நின்னுட்டான்.

அவன் என் வாயையே பாக்கான். மிச்சம் இருக்க அந்தக் கண்ணால பாக்கான். நான் சொன்னேன், "நீயாத்தான்லே ஜெயிச்சே. நான் விட்டா குடுப்பேன்?"ன்னு.

அந்த முகத்துக்கு நேரா வேற என்ன சொல்ல முடியும்? நீங்களா இருந்தா சொல்லுவீங்களா?

அதோட விட்டிருந்தா பரவால்ல. இப்ப அவன் என்ன சொல்லுதான்னா, அப்ப அந்தச் சொட்டு மருந்து கேட்டுருக்கு, அத நிறுத்தினதுதான் தப்புங்கான். டாக்டர் குடுத்த மருந்து கண்ண எரிக்கின்னு ஒழுங்கா விடுறதில்ல. அந்தப் பழைய மருந்தத் திரும்ப வாங்கி வச்சிருக்கான். ஜெனிட்டா முந்தாநாள் வந்து, "அண்ணே, நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க, ஒரு வார்த்தை சொல்லுங்க"ன்னா. சொல்லுதேன்னு சொல்லியிருக்கேன்.

பழையபடி ஞாயித்துக்கிழமை விளையாட வாரான். கண்ணு எப்படி இருக்குன்னு பாக்கத்தான் வாரான், எனக்குத் தெரியும்லா. நான் ஜெயிச்சா அவன் முகம் செத்துப் போகுது. தோத்துக் குடுத்தா நேரா வீட்டுக்குப் போயி அந்தப் பழைய மருந்தக் கண்ணுல விடுதான். ரிமோட்டக் கையில எடுத்தாலே எனக்கு வேர்க்கி. எப்படி விளையாடச் சொல்லுதீங்க? அதான் யோசிச்சேன், மிசினே இல்லன்னா? சோதிக்கவே முடியாதுல்லா. ரெண்டு மாசத்துல மறந்துருவான். டாக்டர் மருந்தக் கண்ணுல ஊத்தித்தானே ஆகணும். அதுக்குத்தான் விளம்பரம் போட்டது, வேற ஒண்ணுமில்ல. எல்லாம் அவன் நல்லதுக்குத்தான்.

என்ன அப்படிப் பாக்கீங்க? நேரா சொல்லிரலாமேங்கீங்க. சொல்லுவேன் தம்பி, சொல்லாம இருப்பேனா. முதல்ல இது வீட்ட விட்டுப் போகட்டும், ஒரு நாள் நிதானமா உக்காந்து சொல்லுதேன். எந்திரிச்சுராதீங்க. வேண்டாம்னு சொல்லிராதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும். விலையக் கூடக் குறைச்சுக்கிடுங்க.

மணி என்ன ஆச்சு? நாலா? இன்னைக்கு ஞாயித்துக்கிழமைல்லா.

வாசல் கேட்டுச் சத்தம் கேட்டுதா? இருங்க. சுவிட்ச அணைங்க. அந்த வயரப் பிடுங்குங்க, மெதுவா. மிசினத் தூக்கிப் பைக்குள்ள வையுங்க, டிஸ்க்கெல்லாம் மேல போடுங்க, ஜிப்ப இழுத்துருங்க. பைய உங்க காலுக்கு அந்தால தள்ளுங்க. ரெண்டு நிமிசம் ஒண்ணும் பேசாதீங்க, நான் பாத்துக்கிடுதேன்.

வாலே, வா. பாத்து, நடையில செருப்பு கெடக்கு. ஜெனிட்டா, நீ போம்மா, நான் கொண்டாந்து விடுதேன். இப்படி உக்காரு. யாருமில்லலே, நம்ம ஆபீசுத் தம்பி, ஒரு கையெழுத்துக்கு வந்தாரு, கெளம்பிட்டாரு.

கேமா? அது நேத்துல இருந்து ஓடலலே. சிப்பு போயிட்டு போலருக்கு.